நான் கேட்காத ஓலை

டி.பி. என்ற இரண்டெழுத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா அதை ‘நெஞ்சு பலவீனம்’ என்றார். அம்மா ‘அந்தச் சீக்கு’ என்றாள். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருக்காரர்கள் கேட்டால், எஸ்தர் காற்று மாற்றத்துக்கு வேலூரில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். நான் ஊருக்கு வெளியே தைலமரங்களுக்கு நடுவே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது சீக்கிரமே சபை முழுவதுக்கும் தெரிந்துபோயிற்று.

நான் பிழைத்து வெளியே வந்தவள். அங்கே இன்னும் படுத்திருப்பவர்களுக்காகவும், இனிமேல் போகப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஊசி வலிக்குமா, மருந்து கசக்குமா என்று கேட்டால் பதில் சொல்லலாம். ஆனால் எனக்கு அதிகம் வலித்தது வேறு இடத்தில். அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

அப்போது நான் பிரேசர் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மழைக்காலத்தில் பிடித்த இருமல் மழை விட்டும் விடவில்லை. கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த சிவப்பு மருந்தைக் குடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். ரவிக்கைகள் தொளதொளத்தன. “கல்யாணக் கவலை” என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்தார்கள். எனக்கும் அந்தக் கேலி பிடித்திருந்தது.

கல்யாணம் நிச்சயமாகியிருந்தது உண்மைதான். மாப்பிள்ளை தேவசகாயம், போஸ்டாபீஸ் குமாஸ்தா. கோயில் பாடகர் குழுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசிப்பார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்குப் பெயர் ஓலை. பனையோலையில் எழுதிய காலம் எப்போதோ போய்விட்டது, பேச்சில் மட்டும் ஓலை நின்றுவிட்டது. மூன்று ஓலையும் வாசித்து முடித்தால்தான் கல்யாணம். நடுவில் நின்றுபோய் நாள் கடந்துவிட்டால் மறுபடி முதல் ஓலையிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கும் தேவசகாயத்துக்கும் முதல் ஓலை வாசித்த அதே வாரத்தில், வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால் சிவப்பு. பிள்ளைகள் பார்க்காதபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாய்ப்பாட்டை முடித்தேன். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் எல்லோரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு துணி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வட்டத்தைக் காட்டினார். அங்கே கிருமி அரித்து ஒரு பொந்து விழுந்திருக்கிறது என்றார். நான் அழவில்லை. அப்பாதான் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, “கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு டாக்டர்” என்றார். டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தினமும் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. சில நாளில் காதுக்குள் வண்டு இரைய ஆரம்பிக்கும், நடந்தால் தரை ஆடும். டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். ‘பாஸ்’ என்று ஒரு தூள், கசப்பும் குமட்டலும். அதை விழுங்கி வாந்தி எடுக்காமல் வைத்துக்கொண்டவள் பாஸ், எடுத்தவள் ஃபெயில் என்பது எங்கள் வார்டுக் கேலி. பிறகு காற்று. விலா எலும்புகளுக்கு நடுவே நீளமான ஊசியைச் செலுத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை நிரப்புவார்கள். நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், பொந்து மூடிக்கொள்ளும். முதல் தடவை பயமாக இருக்கும், பிறகு பழகிவிடும். சளிப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நல்ல செய்தி, கிருமி இல்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. நெகட்டிவ் என்றாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

அம்மா புதன்கிழமை மிளகு ரசமும் அவித்த முட்டையும் கொண்டுவருவாள். அப்பா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து ஆரஞ்சுப் பழங்களோடு வருவார். தேவசகாயம் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை வந்து, வாசலோடு நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசிவிட்டுப் போனார். தங்கை சுகிர்தம் வரவில்லை. சின்னப் பெண், ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வருகிறவர்கள் எல்லோரும், இரவில் அழுதாலும் காலையில் களிப்பு வரும் என்ற பொருளில் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த வசனம் என்று நம் சபையாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாகிவிட்டது. அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டு காலையைப் பார்க்கிறவர்கள்.

ஆனால் காலை என்னவோ அழகாகத்தான் வந்தது. சுத்தமான காற்றுதான் பாதி மருந்து என்பதால், இருட்டு பிரியும்போதே எங்கள் கட்டில்களைச் சக்கரத்தோடு வராந்தாவுக்குத் தள்ளிவிடுவார்கள். வார்டு ஆயா கன்னடத்தில், “ஏளி, பெளகாய்த்து” என்று, எழுந்திரு, விடிந்துவிட்டது என்று, கூவிக்கொண்டே தள்ளுவாள். பெங்களூர்ப் பனியில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு தைலமரங்கள் ஒவ்வொன்றாக வரும். வேலியில் சிலந்தி கட்டிய வலைகளில் நீர் கோத்திருக்கும். சமையல் கட்டிலிருந்து புகை வாசனை. கிழக்கே ஒரு கீற்று சிவந்து, மஞ்சளாகி, எங்கள் சிவப்புக் கம்பளிகளின்மேல் வெயில் விழும்போது, அதுவரை கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது தெரியும்.

அப்படி ஒரு வாரத்தில் அன்னம்மா அக்கா வந்தாள். மாதர் சங்கத்துக்காரி, எங்கள் தெருவின் கோடி வீடு. வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எஸ்தரு, ஸ்தோத்திரம்டி! உங்க வீட்டு ஓலை மறுபடி வாசிச்சாங்க. நான் லேட்டாத்தான் போனேன், கடைசி பெஞ்சு, ஒரே பிள்ளைங்க சத்தம். தேவசகாயத்துக்கும், ஞானமுத்து குமாரத்திக்கும்னு காதுல விழுந்திச்சு பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்திடுச்சு.”

ஞானமுத்து என் அப்பா. ஓலையில் பெண்ணை இன்னார் குமாரத்தி என்று வாசிப்பதுதான் வழக்கம். “நெசமாவாக்கா?” என்றேன். “பின்னே? கோயில்ல பொய்யா வாசிப்பாங்க?” என்றாள். அவளும் என் பெயர் என்றுதான் நினைத்தாள் பாவம். அவள்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அந்த வாரம் முழுக்க நான் பைத்தியக்காரிதான். தேவசகாயம் காத்திருக்கிறார். நான் ஆச்சரியப்படட்டும் என்று அப்பா சொல்லாமல் வைத்திருக்கிறார். பாஸ் தூளை மோர் மாதிரிக் குடித்தேன். எடை கூடியது. காலையில் கிழக்கு சிவந்தபோது, கர்த்தர் எனக்கென்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார் என்றே நம்பினேன். அதுவரை எரிச்சலூட்டிய வசனத்தை நானே பக்கத்துக் கட்டில் குப்பம்மாவுக்குச் சொன்னேன். அவள் நூல் மில்லில் வேலை பார்த்தவள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பவள். “நல்லாக்கீது” என்று கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஐயர் வந்தார். எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்க, வெயில் ஏறுமுன் சின்னப் பெட்டியோடு வருவார். ஒரே கிண்ணத்தில் எல்லோரும் குடிக்கக் கூடாது என்பதால் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்து உள்ளங்கையில் வைப்பார். பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார்:

“எஸ்தர், ஞாயித்துக்கிழமை ஒன்னை வச்சுத்தான்மா பிரசங்கம் பண்ணேன்.”

“என்னை வச்சா, ஐயா?”

“பேர் சொல்லலே. ஆனா எல்லாருக்கும் தெரியும். தனக்கு நிச்சயமான வாழ்க்கையத் தங்கச்சிக்கு மனசார விட்டுக் குடுக்கிறதுன்னா சாமானியமா? கோயில்ல பாதிப் பேரு அழுதாங்க. உங்கப்பாகூட.”

வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, “சுகிர்தமா?” என்று கேட்டேன்.

“ஆமா. ரெண்டு ஓலை ஆச்சு. வர்ற ஞாயிறு மூணாவது.”

“ஐயா, எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லை.”

அவர் கையில் அப்பம் அப்படியே நின்றது. “உங்கப்பா வந்து சொன்னாரேம்மா, நீயே...”

“அப்பா வாராவாரம் வர்றாரு ஐயா. ஆரஞ்சு உரிச்சுத் தர்றாரு. இத மட்டும் சொல்லலே.”

ஐயர் நல்லவர். நல்லவர்களுக்கு வரும் சங்கடம் அவர் முகத்தில் வந்தது. “மூணாவது ஓலைக்கு முன்னாடி நீ தடை சொல்லலாம். ஒனக்கும் அந்தத் தம்பிக்கும் முதல்ல ஓலை வாசிச்சிருக்கு, ஒன் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நாளைக்குக் காலையில ஆண்கள் வார்டுக்கு வர்றேன். அப்ப சொல்லு” என்றார். அன்றைக்கு நான் அப்பத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு சபையே எழுந்து நின்று கேட்ட செய்தி. பெற்ற தகப்பன் அறிவான், தாய் அறிவாள், மூக்கில் கைக்குட்டை வைத்தவன் அறிவான். முதல் ஓலை யாருடையதோ அவளுக்கு மட்டும் தெரியாது. நான் செத்துப்போயிருந்தால்கூட இதைவிட மரியாதையாக நடத்தியிருப்பார்கள். அன்றிரவைப் பற்றி எழுதமாட்டேன்.

மறுநாளும் ஆயா வந்தாள். “ஏளி, பெளகாய்த்து.” கட்டில் உருண்டது. நான் கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். முந்தின நாள் என்ன நடந்தது என்று தெரியாத மாதிரி வெட்கமில்லாமல் விடிந்துகொண்டிருந்தது.

“இன்னா டீச்சரு, மூடிக்கினே? தெனம் ஆன்னு பாத்துக்கினு இருப்பே?” என்றாள் குப்பம்மா.

“பாக்க ஒண்ணுமில்ல குப்பம்மா. எல்லாம் பொய்.”

என்ன பொய் என்று கேட்டாள். கம்பளிக்குள்ளிருந்தே சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, இருமி, மூடிபோட்ட கிண்ணத்தில் துப்பி மூடினாள்.

“உங்கப்பன் பண்ணது அக்குறும்புதான். நாக்க புடுங்கிக்கிற மாதிரி கேளு. ஆனா அதுக்கு விடியறது இன்னா பண்ணும்? உனுக்கு மட்டுமா விடியுது? எனுக்கும்தான் விடியுது. என் ஊட்டுக்காரன் வேற ஒருத்திய இட்டாந்து குடி வச்சிட்டான்னு சேதி வந்துச்சே, அன்னிக்கும் இப்டித்தான் செவசெவன்னு விடிஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. விடியலை நான் என் கல்யாணத் தரகராக்கியிருந்தேன். கர்த்தர் தேவசகாயத்தைப் பற்றி என்னிடம் எந்தக் காலையிலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நானே. அவர் தந்தது வெளிச்சம் ஒன்றுதான். அதை எனக்கும் தந்தார், புருஷன் கைவிட்ட குப்பம்மாவுக்கும் தந்தார். காக்ஸ் டவுனில் பொய் சொல்லிவிட்டுத் தூங்கி எழுந்த என் அப்பாவுக்கும் அந்நேரம் அது ஜன்னல் வழியாகப் போயிருக்கும். இது நியாயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு என்னிடம் பொய் சொல்லாதவர் கர்த்தர் ஒருவர்தான்.

கம்பளியை விலக்கிப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து முதல் மரம் வந்துகொண்டிருந்தது. “கர்த்தாவே, என் வயிறு எரிகிறது. இது அழகாகவும் இருக்கிறது” என்று ஜெபித்தேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. என் வாழ்நாளில் நான் நம்பிச் செய்த முதல் ஜெபம் அதுவென்று சொல்வேன். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்.

ஐயர் வந்தபோது தெளிவாக இருந்தேன்.

“தடை சொல்லலே ஐயா. மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிற புருஷன் எனக்கு வேணாம். ஆனா நான் விட்டுக் குடுத்தேன்னு சொல்லாதீங்க. நான் குடுக்கலே, எடுத்துக்கிட்டாங்க. பிரசங்கத்துல சொன்னதை நீங்களே திருத்தணும்.”

“சரிம்மா” என்றார். அன்றைக்கு அப்பத்தை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு அப்பா வந்து ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார். “மூணாவது ஓலை வாசிச்சாச்சாப்பா?” என்று கேட்டேன். சுளை அவர் விரலில் நசுங்கியது. “ஒனக்கு அதிர்ச்சியாகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரும்மா. ரெண்டு பொண்ணுல ஒண்ணாச்சும் கரையேறணும்ல?” என்றார். என் ஊசி மருந்துக்காக அவர் அலைந்ததும் கடன்பட்டதும் எனக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் நான் இன்று இல்லை. அதனால் கோபம் தணிந்தது என்று எழுதினால் அது பொய். அந்தப் பழத்தைக் குப்பம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகும் பல மாதம் அங்கே இருந்தேன். குப்பம்மா நெகட்டிவாகி எனக்கு முன்பே வீட்டுக்குப் போனாள். பகலில் கோபத்தில் எரிந்துகொண்டிருப்பேன். ஆனாலும் காலையில் அந்தக் கொஞ்ச நேரம் கர்த்தர் என் கட்டிலண்டை இருந்தார். எதையும் கேட்கவில்லை, எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மருந்தை விழுங்கினேன். படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காலையிடம் ஒன்றும் கேட்காதீர்கள், முகத்தை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.

பொந்து மூடி வீட்டுக்கு வந்தேன். சுகிர்தமும் தேவசகாயமும் அடுத்த தெருவில் குடியிருந்தார்கள். அவள் பார்க்க வந்தபோது தலைவலி என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். சுகமானவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துச் சபைக்கு முன் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். என் ஞாயிறு வந்தது. கோயில் வாசலில் பெண்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “ஒன்ன மாதிரி யாருக்கு மனசு வரும்!” ஐயர் திருத்தவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் பொய்யாய் நடந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

சாட்சி சொல்ல எழுந்தேன். காலைகளைப் பற்றிச் சொன்னேன், பனியையும் மரங்களையும் சொன்னேன். பிறகு சொன்னேன்:

“என்னை எழுப்பி உக்காரவச்ச கர்த்தருக்கு முன்னாடி ஒரு பொய் நிக்கக் கூடாது. நான் யாருக்கும் எதையும் விட்டுக் கொடுக்கலே. என்னை யாரும் கேக்கலே. ஓலை வாசிச்சது எனக்குத் தெரியாது.”

அம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே சுகிர்தத்தைப் பார்த்தேன். அவளுக்கும் உறைக்கட்டும் என்றுதான் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆண்கள் பக்கம் திரும்பி, நிறைமாத வயிற்றோடு எழுந்து நின்று, கோயில் என்றும் பாராமல் கேட்டாள்:

“ஒங்களுக்குத் தெரியுமா?”

தேவசகாயம் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருட்டு பிரியுமுன் வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு சுகிர்தம் வந்தாள். ராத்திரி தூங்காத முகம்.

“அக்காவே அவரைக் கட்டிக்கச் சொல்லிட்டான்னு அப்பா சொன்னாருக்கா. ஒன்னைப் பாக்கணும்னு எத்தனையோ தரம் கேட்டேன், ஒட்டிக்கும்னு சொல்லிட்டாங்க. ஒவ்வொரு நாளும் ஒனக்காக ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ராத்திரி என் வீட்டுக்காரரைக் கேட்டேன், அவருக்கு முன்னாடியே எல்லாம் தெரியும்னாரு. இப்ப நான் என்னக்கா பண்றது?” என்றாள்.

என்னைப்போலவே ஏமாந்தவள் ஒருத்தி என் முன்னால் நின்றாள், வயிற்றில் பிள்ளையோடு.

“தெரியலடி. இன்னும் கொஞ்சத்துல விடிஞ்சிடும். உக்காரு.”

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. எழுந்து அவளை அதில் உட்காரவைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.